அடியில் இரண்டு வரி

எடிட்டர் என்றதும் பத்திரிகாசிரியரை நினைத்துப் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் எழுதவும் திருத்தவும் உதவும் நிரலுக்கும் அதுதான் பெயர்.

1991-ல் பின்லாந்தில் பிறந்த லினக்ஸை யாரும் பிரதி எடுக்கலாம்; மாற்றலாம்; அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். இவ்வளவு தாராளமான வீட்டுக்குள் நுழைந்த நான் முதல் நாளே வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொண்டேன். 'வீஐ' என்ற எடிட்டரில் ஒரு வரி எழுதப் பார்த்தேன். எழுத்து விழவில்லை, இருந்த வரி மறைந்தது! கடைசியில் மின்சாரத்தை நிறுத்தித்தான் தப்பினேன். என் அசட்டுத்தனம் என்றே நினைத்திருந்தேன். வரலாற்றைப் படித்த பிறகு பாதிப் பழியை இறக்கி வைத்துவிட்டேன்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன் 'எட்' என்ற எடிட்டரை எழுதினார். அப்போது திரை ஏது? காகிதத்தில் கடகடவென்று அச்சடிக்கும் டெலிடைப்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் நேரமும் காகிதமும் செலவு. ஆகவே எட் மகா மௌனி. தவறு செய்தால் ஒரே ஒரு கேள்விக்குறி போடும். என்ன தவறு என்பது உங்கள் பாடு!

லண்டன் குயின் மேரி கல்லூரியில் இருந்த ஜார்ஜ் கூலூரிஸுக்கு இது பொறுக்கவில்லை. வரியைத் திரையில் பார்த்துக்கொண்டே திருத்தும்படி 1976-ல் ஒன்று செய்து, 'எம்' என்று பெயரிட்டார். 'மானிடர்களுக்கான எடிட்டர்' என்பது அதன் விரிவு. அப்படியானால் எட் யாருக்கு? தேவர்களுக்குத்தான்! எம்மைப் பார்த்த தாம்ஸன், இப்படி ஒன்று தமக்குத் தேவைப்படவில்லை என்று சொன்னதாகக் கூலூரிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கோடையில் எம் கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலைக்குப் போயிற்று. அங்கே மாணவராக இருந்த பில் ஜாய் அதைப் படிப்படியாக வளர்த்து வீஐ ஆக்கினார். வீட்டிலிருந்து, நொடிக்கு 300 பிட் மட்டுமே ஊரும் தொலைபேசிக் கம்பி வழியாக வேலை செய்தவர் அவர். ஒரு கட்டளைக்கு ஓரெழுத்துக்கு மேல் செலவழிக்க மனம் வருமா? ஆகவே எழுத்துச் சாவிகளே கட்டளைகளாயின. 'ஐ' தட்டிய பிறகுதான் எழுத்து விழும். அதற்குமுன் 'டி'யை இருமுறை தட்டினால் வரியே போய்விடும். என் வரி மறைந்த மர்மம் இதுதான். மானிடருக்கென்று பிறந்தது மறுபடி தேவலோகம் ஏறிவிட்டது!

நமக்குக் கதிமோட்சம் தபால் மூலம் வந்தது. வாஷிங்டன் சர்வகலாசாலையில் 1989-ல் தொடங்கிய 'பைன்' என்ற தபால் நிரலில், கடிதம் எழுதுவதற்கென்று 'பைக்கோ' என்ற சின்ன எடிட்டர் ஒன்று இருந்தது. திரையின் அடியில் எப்போதும் இரண்டு வரி: எந்தச் சாவி எதைச் செய்யும், வெளியே போக எது என்று. எத்தனை மரியாதை பாருங்கள்! ஆனால் அதை மாற்றிப் பிறருக்குக் கொடுக்க உரிமம் இடம் தரவில்லை. லினக்ஸ் அன்பர்களுக்கு அது சம்மதப்படவில்லை. 1999-ல் கிறிஸ் அலெக்ரெட்டா அதே சாயலில் புதிதாக ஒன்று எழுதினார். 2000-ல் அதற்கு 'நானோ' என்று பெயர் வந்தது. அடியிலிருந்த இரண்டு வரியை அவர் விட்டுவிடவில்லை. 2020-ல் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில், தானாகத் திறக்கும் எடிட்டராக இருந்த வீஐயை நகர்த்திவிட்டு நானோவை வைத்தார்கள்.

என் தங்கை மகன் லினக்ஸ் போட்டுக்கொண்டு, "எதில் எழுதட்டும், மாமா?" என்று கேட்டான். நானோ என்றேன். போன வாரம் வந்து, வீஐ கற்றுக்கொள்வதாகப் பெருமையுடன் சொன்னான். வெளியே வர வழி தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.