மின்மினி ஒளியில் க்ஷயரோகக் கிருமி

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் க்ஷயரோகத்தின் காரணத்தை உலகுக்கு அறிவித்த ராபர்ட் கோக் அக்கிருமியோடு நடத்திய போராட்டத்தில் பெரும்பகுதி பொறுமையின் சோதனையாகவே இருந்தது. உறைந்த இரத்தச் சீரத்தின்மேல் மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் பெருகிவிட, இதுவோ கண்ணுக்குப் புலப்படும் சிறு புள்ளியாகத் திரள்வதற்கே இரண்டாவது வாரம் பிறக்க வேண்டியிருந்தது. நூறாண்டு கழிந்தும் இந்தத் தாமதம் நீங்கவில்லை. நோயாளியின் சளியை முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் இட்டு மூன்று முதல் எட்டு வாரம்வரை காத்திருந்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரிந்துகொள்ள மேலும் சில வாரங்களைக் கழிப்பதே ஆய்வுகூடங்களின் வழக்கமாயிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பல மருந்துகளுக்கும் அடங்காத க்ஷயம் பரவியபோது, சோதனையின் விடை வருமுன்னரே உயிர்நீத்தோர் பலர்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கும் உபாயம், 1915-இல் ட்வார்ட்டும் 1917-இல் தெரெல்லும் கண்டறிந்த, பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும் வைரஸ்களிடம் இருந்தது. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஜேகப்ஸும் அவருடைய சகாக்களும் அத்தகைய வைரஸ் ஒன்றில் மின்மினிப் பூச்சியின் ஒளி தரும் ஜீனைப் பொருத்தி, 1993-இல் அதனை வெளியிட்டார்கள். வைரஸ் புகுந்த கிருமி, லூசிஃபெரின் என்ற பொருளைச் சேர்த்ததும் ஒளிர்கிறது. அவ்வொளிக்கு வேண்டிய சக்தி உயிருள்ள கிருமியிடம் மட்டுமே உண்டாதலால், மருந்தில் ஊறியபின் இருண்டுபோன கிருமி மாண்டது என்றும், ஒளிர்வது மருந்தை வென்றது என்றும் சில தினங்களிலேயே தீர்மானிக்க முடிந்தது. விலையுயர்ந்த கருவி இல்லாத இடங்களுக்காக, அவ்வொளியைப் போலராய்ட் படச்சுருளில் பதிக்கும் எளிய பெட்டி ஒன்றையும் அவர்கள் அமைத்தார்கள்.

1956-இல் சென்னையில் தோன்றி, வீட்டிலிருந்தபடியே க்ஷயத்துக்குச் சிகிச்சை பெறலாம் என்று உலகுக்கு நிரூபித்த சேத்துப்பட்டு ஆராய்ச்சி நிலையமும் இம்முயற்சியில் பங்குகொண்டது. கிருமியை உடனே கொன்றுவிடாமல் அதனுள்ளே தங்கி வாழக்கூடிய, நம் சென்னையிலேயே கிடைத்த 'சே-12' என்னும் வைரஸில் அங்குள்ள விஞ்ஞானிகள் அதே ஜீனைச் சேர்த்து, பெருகும் கிருமியோடு உறங்கும் கிருமியையும் காட்டிக்கொடுக்குமா என்று ஆராய்ந்தார்கள்.

2010-இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த ஜீன் பரிசோதனை இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்வதால், வைரஸின் வழி பின்தங்கிப் போனது மெய்யே. ஆயினும், செத்த கிருமியின் ஜீனும் அப்பரிசோதனையில் அகப்பட்டுவிடக்கூடும். சிகிச்சை பலிக்கிறதா என்று வைத்தியர் அறிய விரும்புவதோ, கிருமி இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதையே. அக்கேள்விக்கு நேரே விடை பகரும் இந்த வித்தையைப் பழங்கதையென்று ஒதுக்காமல் மேலும் வளர்ப்பது, க்ஷயத்தின் பாரத்தை மிக அதிகமாகச் சுமக்கும் நம் தேசத்தின் கடமை என்பது என் உறுதியான நம்பிக்கை.