சரளைக்கல் பாதையில் 1,900 மைல்

நம் குடியிருப்பின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஓரிரு ஆண்டுகளாகப் புதுவகை வண்டிகள் தென்படுகின்றன. ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார், ஆனால் டயர் மட்டும் நல்ல தடிமன். என்ன வண்டி என்று கேட்டால், “கிராவல் பைக், அங்கிள்” என்று பதில் வருகிறது. தார் போடாத சரளைக்கல் பாதை, மண் பாதை, மலையடிவாரத்துக் காட்டுப் பாதை, இவற்றில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டதாம். விலையைக் கேட்டபோது எங்கள் காலத்து வீட்டுக்கடன் ஞாபகம் வந்தது. அதை விடுங்கள்.

இது புது விளையாட்டு என்கிறார்கள். பெயர் வேண்டுமானால் புதிது. அமெரிக்காவின் ராக்கி மலையடிவாரத்தில் 1897-லேயே இருபது சிப்பாய்கள் சரளையிலும் சேற்றிலும் மணலிலும் 1,900 மைல் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் இந்த இதழில் எழுதுகிறேன். இது சைக்கிளோடு முடிகிற கதையும் இல்லை.

முதலில் அந்தச் சிப்பாய்கள் யார் என்று சொல்ல வேண்டும். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின மக்களுக்குத் தனிப் படைப்பிரிவுகள் இருந்தன. சிப்பாய்கள் கறுப்பர், அதிகாரிகள் அநேகமாக எல்லாரும் வெள்ளையர். அப்படிப்பட்ட ஒரு பிரிவுதான் 25-வது காலாட்படை. மோன்டானா மாநிலத்தில் மலைகள் சூழ்ந்த மிசூலா என்ற ஊரில் ஒரு கோட்டை. அங்கேதான் இவர்கள் இருந்தார்கள். 1894-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் கடைசி ராங்க் வாங்கித் தேறிய ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் லெப்டினன்ட் அங்கே வந்து சேர்ந்தார். கடைசி பெஞ்ச் ஆசாமிகளுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனையெல்லாம் வரும் போலிருக்கிறது. குதிரைக்குத் தீவனம் வேண்டும், தண்ணீர் வேண்டும், நோய் வரும், சாகும். சைக்கிளுக்கு இதெல்லாம் கிடையாது. ஆகவே சிப்பாயைச் சைக்கிளில் அனுப்பினால் என்ன என்று கேட்டார். காற்றடைத்த டயரை டன்லப் கண்டுபிடித்து அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஐரோப்பியப் படைகள் சில ஏற்கெனவே சைக்கிளை முயன்று பார்த்திருந்தன. ராணுவத் தலைமையில் இருந்த ஜெனரல் நெல்சன் மைல்ஸுக்கும் சைக்கிளில் ஈடுபாடு உண்டு. அனுமதி கிடைத்தது. வண்டிகளை ஸ்பால்டிங் கம்பெனி செலவில்லாமல் கொடுத்தது. ராணுவம் ஓட்டிக் காட்டினால் கம்பெனிக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

1896-ல் எட்டுப் பேரோடு ஒத்திகை தொடங்கியது. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மிஷன் மலைத்தொடரின் காலடியில் உள்ள மக்டொனால்டு ஏரிக்குப் போய்த் திரும்பினார்கள், 126 மைல். அதே மாதத்தில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தார்கள், ஏறத்தாழ 800 மைல். ஆற்றைக் கடக்க வேண்டி வந்தால் ஒரு கம்பில் சைக்கிளை மாட்டி, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாகத் தோளில் சுமந்தார்கள். ரிப்பேருக்கு ஜான் ஃபிண்ட்லி என்ற சிப்பாய் இருந்தார். படையில் சேருமுன் சிகாகோவில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

பெரிய பயணம் அடுத்த வருஷம். 1897 ஜூன் 14-ம் தேதி மிசூலாவிலிருந்து புறப்பட்டார்கள். இருபது சிப்பாய்கள், மாஸ், ஒரு ராணுவ டாக்டர், உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுத எட்வர்ட் பூஸ் என்ற 19 வயதுப் பையன். போய்ச் சேர வேண்டிய இடம் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ். ஹேண்டில்பாரில் கம்பளியும் பாதிக் கூடாரமும் சுருட்டிக் கட்டியிருந்தது. நடுச்சட்டத்தின் முக்கோணத்துக்குள் சாப்பாட்டுப் பெட்டி. இதற்கு மேல் துப்பாக்கியும் ஐம்பது தோட்டாவும். மூட்டை முடிச்சோடு வண்டி 25 கிலோவைத் தாண்டியது, கியர் ஒன்றுதான். நம் பிள்ளைகளின் கிராவல் பைக் 10 கிலோ சொச்சம் என்று சொன்னார்கள். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே மழை. மோன்டானாவின் களிமண்ணை அங்கே ‘கம்போ’ என்பார்கள். நம் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுழலாது. இறங்கிக் கத்தியால் சுரண்டுவது, சில கஜம் ஓட்டுவது, மறுபடி சுரண்டுவது. பல இடங்களில் பாதையை விட்டுவிட்டு ரயில் தண்டவாளத்தின் மேல், கட்டைக்குக் கட்டை தடதடவென்று ஓட்டிப் போனார்கள். உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று அப்போது நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஹெலினா நகருக்கு முன்னால் மலன் கணவாய் குறுக்கிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் நீர்ப்பிரிமுகடு அது. இந்தப் பக்கம் விழும் மழை பசிபிக்குக்கும் அந்தப் பக்கம் விழுவது அட்லாண்டிக் பக்கமும் போகும். உயரம் 5,900 அடி. 1859-60-ல் லெப்டினன்ட் ஜான் மலன் என்பவர் ராணுவத்துக்காக அமைத்த வண்டிப் பாதை அந்த வழியாகப் போகிறது. ஜூன் மாதம்தான், ஆனாலும் மேலே பனி கிடந்தது. நனைந்த உடுப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். இன்று பெரிய நெடுஞ்சாலை பக்கத்திலுள்ள வேறொரு கணவாய் வழியாகப் போய்விட்டதால், மலன் கணவாய்ப் பாதை இன்னமும் சரளையாகவே இருக்கிறது. கிராவல் பைக்காரர்களுக்கு அதுவே கொண்டாட்டம். அதே மிசூலாவில் தலைமையகம் வைத்துள்ள அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன், கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ராக்கி மலையை ஒட்டியே, பெரும்பாலும் தார் இல்லாத பாதைகளை இணைத்து ‘கிரேட் டிவைட்’ என்ற நெடும்பாதையை வகுத்தது. சுமார் 4,000 கிலோமீட்டர். ஹெலினா அந்தப் பாதையிலும் உண்டு. அது வந்த வருஷம் 1997. சிப்பாய்கள் போய்ச் சரியாக நூறு வருஷம்.

மலையடிவாரம் முடிந்தால் கஷ்டம் முடியும் என்று நினைத்திருப்பார்கள். வயோமிங்கில் உப்பும் காரமும் கலந்த தண்ணீர் வயிற்றைக் கெடுத்தது. நெப்ராஸ்காவின் மணல் குன்றுகளில் சக்கரம் புதைந்தது. கொளுத்தும் வெயிலில் மறுபடியும் தண்டவாளமே கதி. மிசௌரியில் சில பண்ணைக்காரர்கள் கறுப்புச் சிப்பாய்களுக்கு முகாம் போட இடம் தர மறுத்தார்கள். அரசாங்கச் சீருடை போட்டிருந்தும் இந்த மரியாதை. ஜூலை 24-ம் தேதி செயின்ட் லூயிஸ் எல்லையில் உள்ளூர் சைக்கிள் சங்கத்தார் கூட்டமாக வந்து எதிர்கொண்டு அழைத்துப் போனார்கள். மொத்தம் 41 நாள். ஓட்டிய நாள் 34. நாளொன்றுக்குச் சராசரி 56 மைல். காலாட்படை நடந்து போவதில் பாதி நேரம், மூன்றில் ஒரு பங்கு செலவு என்று மாஸ் கணக்குக் காட்டினார். வரவு செலவு பார்த்தே வாழ்ந்த எனக்கு இந்த வரி பிடித்தது. மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. வண்டிகள் கம்பெனிக்குத் திரும்பின, சிப்பாய்கள் ரயிலில் திரும்பினார்கள். அடுத்த வருஷம் ஸ்பெயினோடு யுத்தம் வந்து சைக்கிள் படை மறந்தே போயிற்று.

பொதுவாகக் கட்டுரைகள் இங்கே முடிந்துவிடும். என்னை இழுத்துப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

அந்த இருபது பேரில் மூத்தவர் சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ். 1881-ல் படையில் சேர்ந்தவர். பயணத்தின்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பிறகு கியூபாவில் சண்டையிட்டார், பிலிப்பைன்ஸிலும் இருந்தார். கியூபாவில் ரூஸ்வெல்ட்டின் குதிரைப் படையினர் பசியோடு வந்தபோது தன் ஆட்களின் பிஸ்கட்டைப் பகிர்ந்து கொடுத்ததாகப் பின்னாளில் சொன்னார். அந்த ரூஸ்வெல்ட்தான் பிறகு ஜனாதிபதியானவர்.

1906 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்து பிரவுன்ஸ்வில் ஊரில் இரவு துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒருவர் இறந்தார். அப்போது அங்கே இருந்தது 25-வது காலாட்படை. ஊரார் சிப்பாய்களைக் கைகாட்டினார்கள். எல்லாரும் பாசறையில்தான் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். ஒருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, கோர்ட்டு விசாரணையும் இல்லை. யார் சுட்டது என்று ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதையே குற்றமாக்கி, நவம்பரில் 167 பேரை மொத்தமாக வேலைநீக்கம் செய்து ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார். அதில் சாண்டர்ஸும் ஒருவர். 25 வருஷ சர்வீஸ். வெளிநாட்டுப் பணியை இரட்டிப்பாகக் கணக்கிடும் விதிப்படி, பென்ஷனுக்கு வேண்டிய 30 வருஷத்தை எட்ட அவருக்குக் கொஞ்ச காலமே பாக்கி. பென்ஷன் போயிற்று.

வங்கியில் சில வருஷம் பென்ஷன் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். ஒரு மாதம் பணம் தாமதமானால் பெரியவர்கள் முகம் எப்படி மாறும் என்று பார்த்திருக்கிறேன். நம் குடியிருப்பிலேயே நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்க எத்தனை பேர் அலைகிறோம்! அதே நவம்பரில் ஒரு கையெழுத்தில் எல்லாம் போன மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். சாண்டர்ஸ் மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். ஒஹாயோ மாநில செனட்டர் ஃபோராக்கர் இவர்களுக்காக வாதாடினார், செனட் விசாரணையில் சாண்டர்ஸ் சாட்சி சொன்னார், பலனில்லை. 1929-ல் காலமானார்.

1972-ல்தான் ராணுவம் பழைய உத்தரவை ரத்து செய்து, 167 பேருக்கும் கௌரவமான விடுவிப்பு வழங்கியது. அநேகமாக எல்லாருக்கும் இறந்த பிறகு. உயிரோடு கண்டுபிடிக்கப்பட்ட டார்ஸி வில்லிஸ் என்பவர், மினியாபொலிஸ் நகரில் முடிதிருத்தும் கடையொன்றில் 59 வருஷம் ஷூ பாலிஷ் போட்டவர். அவருக்கு 25,000 டாலர் கொடுக்க 1973-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. முன்தேதியிட்ட பென்ஷன் யாருக்கும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

1974-ல் மோன்டானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் சிலர் மிசூலாவிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, சிப்பாய்கள் போன வழியே செயின்ட் லூயிஸ் வரை ஓட்டிப் போனார்கள்.