மே மாதத்துப் பனி

1888இல் மதராஸில் பிறந்த ஆங்கிலேயர் ஆர்னால்டு லன், ஸ்லாலம் பந்தயத்தை வகுத்தவராகவே அறியப்படுகிறார். ஆயினும் ஆல்ப்ஸின் உயர்ந்த பனியாறுகளில் சறுக்கிச் செல்லக் குளிர்காலத்தைவிட மே மாதமே உகந்தது என்று அவர் வலியுறுத்தியதும் பெரும்பணியே.

குளிர்காலப் புதுப்பனி தளர்வானது. எளிதில் பெயர்ந்து சரியும். வசந்தத்திலோ பகலில் உருகி, இரவில் உறைந்து பனி இறுகுகிறது. விடியலில் அது பாறைபோல் கெட்டி. வெயிலேறி மேற்பரப்பு சற்றே இளகும் வேளையில் சறுக்க இதம். நண்பகலில் நீரூறிச் சரியும் ஆபத்து. ஆகவே இருளில் ஏறத் தொடங்கி, முற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும்.

1909இல் பாறையிலிருந்து விழுந்து ஒரு கால் குட்டையான லன், 1917 ஜூனில் டோம் சிகரத்தையும் 1924 மேயில் ஐகர் சிகரத்தையும் பனிச்சறுக்குப் பலகைகளுடன் முதன்முதலாக ஏறியோருள் ஒருவர். மலையில் வலிமையினும் காலமறிதலே பெரிது என்பதற்கு அவ்வேற்றங்களே சான்று.