இதயத்திற்கு உணவு எங்கிருந்து வருகிறது?



ஆவடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம்மில் பலர் நாள்தோறும் பெரம்பூரைக் கடந்து செல்கிறோம். அங்குள்ள இரயில்வே மருத்துவமனையில்தான் 1975 ஆம் ஆண்டு டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து அடைப்பு ஏற்படும்போது, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த இரத்தக் குழாயை இணைத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்ல மாற்றுவழி அமைப்பதே அச்சிகிச்சை.

இங்கு ஒரு கேள்வி எழலாம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை இதயம் வெளியேற்றுகிறது. தன் அறைகளுக்குள் இவ்வளவு இரத்தம் பாய்ந்துகொண்டிருக்க, அதற்கெனத் தனிக் குழாய்கள் எதற்கு? மருத்துவ மேதை இப்னு ஸீனா அவர்களும், வலப்புற அறையிலுள்ள இரத்தமே இதயத்திற்கு உணவாகிறது என்றுதான் கருதினார்கள்.

அதை மறுத்தவர் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள். இதயத்தின் சதைக்குள் ஊடுருவிச் செல்லும் குழாய்களின் இரத்தமே அதற்கு உணவளிக்கிறது என்று, 'கானூன்' நூலின் உடற்கூறுப் பகுதிக்கு 1242 இல் எழுதிய விரிவுரையில் அவர்கள் குறிப்பிட்டார்கள். பெரம்பூரில் மாற்றுவழி அமைக்கப்பட்டது அத்தகைய குழாய்களுக்குத்தான்.

திமிஷ்கில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹையும் கற்பித்தவர்கள். மருத்துவர் வேறு, ஆலிம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

அதே நூலில் இதைவிடப் பெரிய மறுப்பொன்றும் உண்டு. அரபு நூல்கள் ஜாலினூஸ் என்றழைக்கும் கிரேக்க மருத்துவர் கேலன், இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகவும், அவற்றின் வழியே இரத்தம் வலமிருந்து இடம் கசிவதாகவும் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் அதை ஏற்றிருந்தது. இப்னுந் நஃபீஸ் அவர்களோ, அச்சுவர் கெட்டியானது, அதில் வெளிப்படையான துளையும் இல்லை, மறைவான துளையும் இல்லை என்றார்கள். இரத்தம் வல அறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, பின்னரே இட அறையை அடைகிறது என விளக்கினார்கள்.

நம் மேடைகளில் சிலர், இரத்த ஓட்டம் முழுவதையும் அவர்களே கண்டுபிடித்ததாகப் பேசுகின்றனர். அது சரியன்று. அவர்கள் கண்டது நுரையீரல் வழியான சுற்று. இட அறையிலிருந்து புறப்படும் இரத்தம் உடலெங்கும் சென்று மீண்டும் இதயத்திற்கே திரும்புகிறது என்பதை 1628 இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661 இல் நுண்ணோக்கியால் கண்டவர் இத்தாலியின் மல்பீகி. உரியவருக்கு உரியதைக் கொடுப்பதால் நம் இமாமின் தகுதி குறைந்துவிடாது. ஐரோப்பாவில் செர்வீட்டஸ் நுரையீரல் சுற்றைப் பற்றி எழுதியது 1553 இல்தான். அதாவது முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர்.

இருந்தும் அவர்களின் அக்கண்டுபிடிப்பை உலகம் நெடுங்காலம் அறியவில்லை. 1924 இல் முஹ்யித்தீன் அத்ததாவீ என்ற எகிப்திய மருத்துவர், ஜெர்மனியில் ஆய்வு செய்தபோது பெர்லின் நூலகத்தின் கையெழுத்துப் பிரதியில் அதைக் கண்டெடுத்தார்.

1288 இல் இமாமவர்கள் கெய்ரோவில் வஃபாத்தானார்கள். தமது இல்லத்தையும் நூல்களையும் அந்நகரின் மன்ஸூரி மருத்துவமனைக்கு வக்ஃபு செய்திருந்தார்கள்.