ஒரு வீட்டு விளம்பரத்துக்கு உரை

நியூயார்க் தரகர்களின் பாணியில் நானே கோத்த மாதிரி விளம்பரம் இது:

“போருக்கு முந்தைய கட்டடத்தில் இரண்டு படுக்கையறை கோ-ஆப். முழுச்சேவை: 24 மணி நேர டோர்மேன், உள்ளேயே குடியிருக்கும் சூப்பர். மாதப் பராமரிப்பு 2,800 டாலர். ஃப்ளிப் டாக்ஸ் 2 சதவீதம். போர்டு ஒப்புதலுக்கு உட்பட்டது.”

போருக்கு முந்தைய: இரண்டாம் உலகப் போர். தடித்த சுவர், உயர்ந்த கூரை, பழைய குழாய்கள். கடைசியாகச் சொன்னதை எந்தத் தரகரும் எழுதமாட்டார்.

கோ-ஆப்: இங்கே விற்பனைக்கு வருவது வீடு அல்ல, பங்கு. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனியின் சொத்து. வீட்டின் அளவு, மாடி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி இவற்றைப் பொறுத்து அதற்கு இத்தனை பங்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பங்குகளை வாங்கியவருக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் குத்தகை உரிமை கிடைக்கும். ஆக, அவர் கம்பெனியின் முதலாளிகளில் ஒருவர். அதே கம்பெனிக்குக் குடித்தனக்காரரும்கூட. சென்ட்ரல் பார்க் ஓரம் 1884இல் வாடகைக் குடியிருப்பாக எழுந்த டகோட்டா கட்டடம் 1961இல் இப்படித்தான் கோ-ஆப் ஆனது.

முழுச்சேவை: பார்சலை வாங்கிவைப்பவர், விருந்தாளி வந்திருப்பதை மேலே சொல்பவர், மழையில் டாக்ஸி பிடித்துத் தருபவர் டோர்மேன். கொதிகலன், குழாய், குப்பை எல்லாம் சூப்பர் எனப்படும் பராமரிப்பாளரின் பொறுப்பு. ‘உள்ளேயே குடியிருக்கும்’ என்பதில் பெருமைப்பட அதிகம் இல்லை: ஒன்பதோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடமென்றால் பராமரிப்பவர் அங்கேயோ மிக அருகிலோ குடியிருக்க வேண்டும் என்பது நகரத்தின் பொது விதி. இவர்களுக்கு 32பிஜே என்ற வலுவான தொழிற்சங்கம் உண்டு. 1991இல் அவர்கள் 12 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது குடியிருப்போரே முறைவைத்து வாசலைக் காத்தார்கள், குப்பையும் சுமந்தார்கள். டிசம்பரில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் பண உறை தருவது எந்தக் குத்தகையிலும் எழுதாத விதி.

மாதப் பராமரிப்பு: பணியாளர் சம்பளம், குளிர்கால வெப்பம், சொத்து வரி, இவற்றோடு கட்டடத்தின் பெயரிலேயே உள்ள அடமானக் கடனும் இதில் அடக்கம். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியவரும் இந்தக் கடனில் தன் பங்கைக் கட்டியே தீர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால் அந்தச் சுமை மற்றவர் தலையில் விழும். இது போதாதென்று, பெரிய பழுதுச் செலவு வந்தால் சிறப்புத் தண்டலும் வரும். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிமுகப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சட்டம் சொல்கிறது. 1979இல் மேலிருந்து விழுந்த கட்டடத் துண்டு ஒரு கல்லூரி மாணவியின் உயிரைப் பறித்தது. அதன் பிறகு வந்த சட்டம் அது. சோதனையில் விரிசல் தெரிந்தால் செலவைப் பங்கு விகிதப்படி எல்லோரும் சுமக்க வேண்டும்.

ஃப்ளிப் டாக்ஸ்: அரசுக்குப் போகும் வரி அல்ல. வீடு கைமாறும்போது கட்டடத்தின் கஜானாவுக்குப் போகும் கட்டணம். பெரும்பாலும் விற்பவர் கட்டுவார்.

போர்டு ஒப்புதல்: போர்டு என்பது கட்டடக் கம்பெனியின் நிர்வாகக் குழு. இத்தனை சொற்களில் கனமானது இதுதான். வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, நண்பர்களின் பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் கொடுத்த பின் நேர்காணல். அண்டைவீட்டார் கடனில் பங்காளிகள் என்பதால் பணத்தைத் துருவுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுக்கும் போர்டு காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதில் நியாயம் இல்லை. இனம், மதம் பார்த்து மறுப்பது சட்டவிரோதம்தான். காரணமே சொல்லாதவரிடம் அதை எப்படி நிரூபிப்பது? 1979இல் முன்னாள் அதிபர் நிக்ஸனுக்கும் 1985இல் பாடகி மடோனாவுக்கும் கோ-ஆப்கள் கதவைச் சாத்தின. அவர்களுக்கு வேறு வீடு கிடைப்பது கஷ்டமில்லை. சாதாரணச் சம்பளக்காரர் அடுத்த விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டியதுதான்.

விளம்பரம் சொல்லாத இன்னொன்று: உள்ளே வந்தவரை வெளியே அனுப்பவும் கட்டடத்தால் முடியும். மேல்வீட்டு முதியவர்கள் சத்தம் போடுகிறார்கள், புத்தக பைண்டிங் தொழில் நடத்துகிறார்கள் என்று ஓயாமல் புகார் எழுதி, வழக்குமேல் வழக்குப் போட்ட ஒரு பங்குதாரரின் குத்தகையை ஒரு கோ-ஆப் ரத்து செய்தது. நல்லெண்ணத்தோடு, அதிகார வரம்புக்குள் எடுத்த முடிவு என்றால் நீதிமன்றம் அதில் தலையிடாது என்று 2003இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரை வெளியேற்ற நடந்த பங்குதாரர் கூட்டத்தில் அவருக்கு ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை.