ஊர்ப் பணமும் ஊரார் உரிமையும்

நாட்டு வரலாற்றை எழுதுவோர் அரசர்களையும் தேசாதிபதிகளையும் போர்களையும் பற்றி விரிவாகப் பேசுவர். ஓர் ஒழுங்கைக்கு மதகு கட்டப்பட்ட வரலாற்றையும், ஒரு சந்தையிற் கிணறு வெட்டப்பட்ட வரலாற்றையும் அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆயினும், அரசு என்பதனைப் பொதுமக்கள் தம் கண்ணாற் காண்பது இத்தகைய சிறு வேலைகளிலேயாம். மாரிகாலத்தில் வெள்ளம் தேங்காத தெரு, இருளில் எரியும் விளக்கு, மாலையில் நாலு பேர் கூடிப் பத்திரிகை படிக்கும் வாசிகசாலை என்பனவே குடிமகனுக்கு அரசின் முகமாகும். இவற்றிற்குச் செலவாகும் பணம் சிறிது. அப்பணத்தைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு, அதனைப் பகிரும் அதிகாரம் யார் கையில் இருக்கின்றது என்னும் வினாக்களோ சிறியன அல்ல. இலங்கையின் உள்ளூராட்சி வரலாறு பெரும்பாலும் இவ்விரு வினாக்களின் வரலாறேயாம்.

பண்டைக் காலத்தில் ஊர்ப் பொது வேலைக்குப் பணம் வேண்டப்படவில்லை, உழைப்பே வேண்டப்பட்டது. குளத்தின் கட்டை உயர்த்துவதும், வாய்க்காலைத் துப்புரவு செய்வதும், பாதையைச் செப்பனிடுவதும் வழக்கத்தின் வழி நடைபெற்றன. சிங்களக் கிராமங்களிலே ‘கம்சபா’ எனப்பட்ட ஊரவை இவற்றை மேற்பார்த்தது. பிரித்தானியர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. உழைப்பு ஊராருடையது, எந்த வீதிக்கு அது செலவாதல் வேண்டும் என்னும் தீர்மானம் ஊராருடையதன்று. அவ்வாண்டில் எழுந்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் இச்சட்டமும் ஒன்றாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஊரார் தம் வேலையைத் தாமே பேசித் தீர்மானிக்க இடமளித்தாலன்றி அவ்வேலை செவ்வையாக நடவாது என்பதை ஆட்சியாளரும் காலப்போக்கில் உணர்ந்தனர். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயற் காணிகள் தொடர்பான பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1871 ஆம் ஆண்டிற் கிராமக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஊர்ப் பாதை, பாலம், கிணறு, மடம், பள்ளிக்கூடம் என்பன பற்றி விதிகளை ஆக்கும் அதிகாரம் அவற்றிற்கு வழங்கப்பட்டது. எனினும் அரசாங்க அதிபரின் கண்காணிப்பிலிருந்து அவை விலகவில்லை.

நகரங்களின் வரலாறும் இவ்வாறே சென்றது. 1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி கொழும்பும் கண்டியும், அவற்றின் பின் காலியும் மாநகர சபைகளைப் பெற்றன. ஏனைய பட்டினங்களுக்கென 1876 ஆம் ஆண்டிற் சுகாதார, அபிவிருத்தி உள்ளூர்ச் சபைகள் தோன்றின. இவற்றில் உத்தியோகத்தர் மூவரும் தெரிவு செய்யப்பட்டவர் மூவரும் அங்கம் வகித்தனர். தலைமையோ அரசாங்க அதிபருக்கு உரியது. மக்களின் பேச்சுக்கு இடமிருந்தது. முடிவு மக்களின் கையில் இல்லை. 1920 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிக் கட்டளைச் சட்டத்தின் பின்னரே தெரிவு செய்யப்பட்டோரின் கை ஓங்கலாயிற்று. யாழ்ப்பாணப் பட்டினம் இப்படிகள் ஒவ்வொன்றையும் கடந்து வந்தது. 1906 இல் உள்ளூர்ச் சபையும், 1920 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின் நகர மாவட்ட சபையும், 1940 இல் நகர சபையும், 1949 இல் மாநகர சபையும் அங்கு அமைந்தன.

சபையின் சிறு உதவி எத்தகைய பெரும் பயனைத் தரவல்லது என்பதற்கு அப்பட்டினத்து நூலகமே தக்க சான்றாகும். 1933 ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தமது இல்லத்தில் நூல்களை வைத்து அயலவர்க்குப் படிக்கக் கொடுத்து வந்தார். அடுத்த ஆண்டில் ஊர்ப் பெரியோர் குழுவொன்றாகக் கூடி, ஆசுபத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்று, 844 நூல்களோடு நூலகத்தைத் திறந்தனர். 1935 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை நகரின் சபை ஏற்றுக்கொண்டது. அன்று சபை செய்தது பெரியதொரு திட்டத்தை வகுத்தலன்று. மக்கள் தாமே தொடங்கிய ஒரு நற்காரியத்திற்கு ஆண்டுதோறும் தவறாத ஆதரவை உறுதி செய்தமையே. அவ்வுறுதியின்மீது பொதுமக்களின் நன்கொடையும் சேர்ந்தது. 1959 ஆம் ஆண்டு ஒற்றோபரில் அழகிய புதிய கட்டிடம் திறந்துவைக்கப்பட்டது. வாடகை அறையிலிருந்து அம்மண்டபத்திற்குச் செல்ல இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

கிராமங்களிலும் இத்தகைய முயற்சிகள் சிறு அளவில் நிகழ்ந்தன. 1931 இல் வந்த டொனமூர் அரசியலமைப்பு சருவசன வாக்குரிமையை அளித்ததோடு, உள்ளூராட்சிக்கெனத் தனியொரு நிருவாகக் குழுவையும் சட்டசபையில் அமைத்தது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிற் கிராமக் குழுக்களின் அதிகாரம் விரிந்தது. பின்னாளில் அவை கிராம சபைகள் எனப் பெயர் பெற்றன. ஒரு வட்டாரத்து மக்கள் ஒப்பமிட்டு மனுவொன்றை அனுப்புவர். உறுப்பினர் அதனைச் சபையில் எடுத்துரைப்பார். வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கப்படும். சபை நிதி இடங்கொடுக்குமாயின் தீர்மானம் நிறைவேறும். வடபகுதியிலே சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் சபையிற் பதிவு பெற்று, பத்திரிகைக்கும் தளபாடத்திற்கும் சிறு கொடை பெறும் வழக்கம் இவ்வாறே வேரூன்றியது.

இம்முறையிற் குறைகள் இல்லாமலில்லை. தவிசாளரின் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை முதலில் தார் காண்பதும், எதிர்த்து வாக்களித்த வட்டாரம் காத்துக் கிடப்பதும் ஊரறிந்த கதைகளாம். சாதியாற் பின்தள்ளப்பட்டோரின் குடியிருப்புகளுக்குப் பாதையும் கிணறும் நெடுங்காலம் எட்டாதிருந்தமை இவற்றினும் பெரிய குறையாகும். எனினும் அக்குறையை எடுத்துரைப்பதற்குச் சபை என்னும் ஓரிடம் இருந்தது. தவிசாளரை வினவலாம், அடுத்த தேர்தலில் மாற்றலாம். வாக்கு என்னும் கருவி கையிலிருந்தவனுக்குக் காலந் தாழ்த்தியேனும் மதகு கிடைத்தது.

அக்கருவியே கையிலில்லாத ஒரு சமுதாயமும் இந்நாட்டில் இருந்தது. மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளரே அவர்கள். கிராமக் குழுக்களின் வாக்குரிமை 1930 களின் பிற்பகுதியில் விரிவாக்கப்பட்டபோதும், தோட்ட லயன்களில் வதியும் தொழிலாளர் அதற்குப் புறம்பாகவே வைக்கப்பட்டனர். தோட்டம் தனியார் உடைமை. அங்குள்ள பாதைக்கும் தண்ணீருக்கும் தோட்ட முகாமையே பொறுப்பு என்பது அன்று கூறப்பட்ட நியாயம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் பாராளுமன்ற வாக்குரிமையையும் அவர்களிடமிருந்து பறித்தன. 1972 இலும் 1975 இலும் தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. உடைமை கைமாறிற்று, லயனுக்குச் செல்லும் பாதையின் நிலை மாறவில்லை. நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தைத் தலையிற் சுமந்தவர்கள் தம் வாசலுக்கு ஒரு தெருவிளக்குக் கேட்பதற்குரிய சபை எது என்று அறியாது நின்றனர்.

இதற்கிடையில் ஏனைய ஊர்களிலும் சபைகளின் நிலை தளர்வுற்றது. 1970 களின் நடுப்பகுதியிற் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் தொடங்கிற்று. சிறு வேலைகளுக்கான அரசாங்கப் பணம் பாராளுமன்ற உறுப்பினரின் விதப்புரையின்படி பகிரப்படலாயிற்று. பணம் விரைவாக வந்தது. ஆயினும் மனுவைத் தாங்கியவர்கள் சபையின் வாசலை விட்டு உறுப்பினரின் வாசலிற் காத்து நிற்கப் பழகினர். உரிமையாகக் கேட்டது உதவியாகக் கேட்கும் நிலைக்கு வந்தது. 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தின் விளைவாகக் கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981 இல் ஒழிந்தன. அப்புதிய சபைகளுக்கான தேர்தல் 1981 யூன் 4 ஆம் நாள் நடைபெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்னர், மே 31 ஆம் நாள் இரவில், யாழ்ப்பாண நூலகம் தீயிடப்பட்டது. 844 நூல்களாகத் தொடங்கி ஏறக்குறைய 97,000 ஆக வளர்ந்திருந்த செல்வம் சாம்பராயிற்று. கட்டிடம் பின்னர் மீளக் கட்டப்பட்டது. எரிந்த ஏடுகளுட் பல வேறெங்கும் கிடையாதவை.

ஊருக்கு அண்மையில் ஒரு சபை வேண்டும் என்னும் உண்மை விரைவிலேயே மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. மதிப்பீட்டு வரி, அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை என்பன சபை நிதியிற் சேர்கின்றன. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாண சபை வழியாக வருகின்றன. சந்தையும் வரி செலுத்தத்தக்க கட்டிடங்களும் நிறைந்த சபை செழிக்கும். வயலும் காடும் நிறைந்த சபை அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்கும். ஆதலின் தேவை மிகுந்த ஊருக்கே பணம் குறைவு என்னும் முரண்பாடு இன்னும் தீர்ந்தபாடில்லை. வடக்கிலோ போரின் காரணமாகச் சபைகள் நெடுங்காலம் இயங்கவில்லை. குடாநாட்டில் 1998 இல் ஒரு தேர்தல் நடைபெற்றது. போர் முடிந்தபின் 2009 இலும் 2011 இலுமே சபைகள் மீண்டும் உயிர் பெற்றன.

மலையகத்தின் பழைய வினாவுக்கு 2018 ஆம் ஆண்டில் ஓரளவு விடை கிடைத்தது. நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பிரதேச சபைகள் பெருந்தொகையான மக்களைத் தாங்கி நின்றன. அவ்விரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை தமக்கெனச் சபைகளைப் பெற்றன. அதே ஆண்டில் பிரதேச சபைகள் சட்டமும் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணம் செல்லுதற்கிருந்த தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் உறுப்பினருள் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது. தண்ணீர்க் குடத்தைச் சுமப்பவரே தண்ணீர்க் குழாய் எங்கே வேண்டும் என்பதை அறிவார்.

ஆயினும் பெற்ற உரிமை தானே நிலைபெறும் என்று எண்ணுதல் தவறு. 2018 இல் தெரிவு செய்யப்பட்ட சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. நாடு பொருள் நெருக்கடியில் அகப்பட்டிருந்தமையால், பணமில்லை என்னும் காரணங் காட்டித் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6 ஆம் நாள்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, உத்தியோகத்தரே சபைகளை நடத்தினர். விளக்குகள் எரிந்தன, குப்பையும் அகற்றப்பட்டது. ஆனால் எந்த ஒழுங்கை முதலில், எந்த ஒழுங்கை பின்னர் என்று ஊரார் தெரிவு செய்தவர்கள் கூடிப் பேசுவதற்குச் சபை இருக்கவில்லை. 1876 இல் அரசாங்க அதிபர் தலைமை வகித்த காலத்தின் சாயல் ஒரு சிறிது மீண்டும் தென்பட்டது.

இந்த நெடிய வரலாறு உணர்த்தும் உண்மை எளியது. சிறு நிதியின் அளவு கூடுவதும் குறைவதும் காலத்தின் நிலையைப் பொறுத்தது. அது நன்றாகச் செலவாவதோ, கேட்பவர், தீர்மானிப்பவர், கணக்குப் பார்ப்பவர் ஆகிய மூவரும் ஒரே ஊரவராக இருப்பதைப் பொறுத்தது. கணக்கறிக்கையைக் கேட்டு வாசிப்பதும், சபைக் கூட்டத்தை ஒருமுறையேனும் சென்று பார்ப்பதும், தம் வட்டாரத்துக்கு வேண்டியதோடு அயல் வட்டாரத்துக்கு வேண்டியதையும் எண்ணிப் பார்ப்பதும் குடிமக்களின் கடன்களாம். ஊரார் கண் விழித்திருக்கும்வரையிலேயே ஊர்ப் பணம் ஊராருடையதாயிருக்கும்.