மஞ்சள் பூ தேனீக்கும் மஞ்சள்தானா? புற ஊதா போட்டோ சொல்லும் ரகசியம்!

ஆம்பூர், வேலூர் என்றாலே தோல் தொழில்தான் நினைவுக்கு வரும். அந்தத் தோலைப் பதப்படுத்த ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். அதே ஆவாரஞ்செடியின் பூ நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. தேனீக்கும் அப்படியே தெரியுமா? அதற்குத் துப்பு தருவதுதான் புற ஊதா போட்டோகிராபி.

தேனீ கண்ணில் என்ன ஸ்பெஷல்?

மனிதக் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பார்க்கும். தேனீ பார்ப்பது சுமார் 300 முதல் 650 வரை. அதாவது, அதற்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. ஆனா நம்மால் பார்க்க முடியாத புற ஊதா தெரியும்.

சூரியகாந்தியை எடுத்துக்கொள்வோம். இதழ் முழுக்க நமக்கு ஒரே மஞ்சள். புற ஊதா படத்திலோ இதழின் நுனி வெளிச்சமாகவும், அடிப்பகுதி கறுப்பாகவும் இருக்கும். பூவின் நடுவே கறுப்பு வட்டம் போட்டு, "இங்கே வா" என்று பூச்சியைக் கூப்பிடுவது போல!

எப்படி எடுப்பது?

சாதாரண செல்போனில் இது முடியாது. கேமரா சென்சாருக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கண்ணாடியை நீக்கி மாற்றியமைத்த கேமரா, புற ஊதாவைக் கடத்தும் லென்ஸ், புற ஊதாவை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் ஆகிய மூன்றும் வேண்டும். கடைகளில் 'யுவி ஃபில்டர்' என்று விற்பது புற ஊதாவைத் தடுப்பது. அதை வாங்கி ஏமாற வேண்டாம். வெளிச்சத்துக்கு வெயிலே போதும். ட்ரைபாடை நகர்த்தாமல் முதலில் சாதாரணப் படம், அடுத்து புற ஊதா படம் என எடுத்து ஒப்பிட வேண்டும்.

நியான் போல மின்னும் படங்கள்?

இருட்டில் புற ஊதா டார்ச் அடித்து எடுக்கும் படங்களை 'தேனீயின் பார்வை' என்று பகிர்கிறார்கள். அது தவறு. அங்கே பூ புற ஊதாவை உள்வாங்கி, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகிறது. இதன் பெயர் ஒளிர்தல். கேரளாவின் பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள், பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரத்தின் விளிம்பு இப்படி நீலமாக ஒளிர்வதை 2013-ல் வெளியிட்டார்கள்.

கவனம்!

புற ஊதா டார்ச்சை நேராகப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கண் கூசாது. ஆனா பாதிப்பு வரும். டார்ச் பயன்படுத்தினால் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அவசியம். குழந்தைகள் கையில் கொடுக்காதீங்க.

இன்னொன்று, புற ஊதா படமும் தேனீயின் முழுப் பார்வை அல்ல. தேனீ புற ஊதாவோடு நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே பார்க்கிறது. நமக்குத் தெரியாமல் போன ஒரு பகுதியைத்தான் கேமரா காட்டுகிறது.